சக்கரத்துக்கும் ஒரு வரப்பு

(கூட்டுறவு ஆய்வாளர் ஒருவர் எழுதுவது)

நிலத்தை உழுது பண்படுத்திய பிறகே விதைப்பது நம் நாட்டில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். 'அகல உழுவதினும் ஆழ உழு' என்பது முன்னோர் வாக்கு. அவ்வாறிருக்க, ஏர் பூட்டாமலேயே விதைக்கலாம் என்றும், அவ்வாறு விதைத்தால் மண் கரையாது, ஈரம் நிற்கும், செலவு குறையும் என்றும் விவசாய நிபுணர்கள் கூறும்போது குடியானவர்கள் வியப்படைவது இயற்கையே. உழவில்லாச் சாகுபடி என்று இதற்குப் பெயர். வட இந்தியாவில் நெல்லுக்குப் பின் கோதுமையைப் பல லட்சம் ஏக்கரில் இம்முறையில் விதைக்கின்றனர். ஆயினும் இம்முறையைப் பற்றிய பேச்சில் ஒரு செய்தி பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. ஏர் நிலத்தை விட்டு வெளியேறினாலும் யந்திரம் வெளியேறுவதில்லை. விதைக்க ஒரு முறை, மருந்து தெளிக்க இரு முறை, அறுக்க ஒரு முறை, விளைந்ததை ஏற்றிச் செல்ல ஒரு முறை என்று சக்கரங்கள் வயலில் நடமாடிக்கொண்டே இருக்கின்றன. முன்னர்ச் சக்கரம் இறுக்கியதை ஏர் ஓரளவேனும் தளர்த்தியது. ஏரை நிறுத்திய நிலத்தில் அந்த இறுக்கத்தைத் தளர்த்துவார் யார்? இக்கேள்வியைக் கொல்லிமலையில் சாகுபடி செய்யும் அங்கத்தினர்களும், யந்திரங்களை வாங்கி வாடகைக்கு விடும் சங்கங்களின் நிர்வாகக் குழுவினரும் சிந்திக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மண்ணின் நெசவு

நல்ல விளைநில மண்ணை எடுத்துக்கொண்டால், அதன் கன அளவில் ஏறத்தாழப் பாதியே திடப்பொருள். மற்றப் பாதி வெற்றிடம். அவ்வெற்றிடத்தில் ஒரு பங்கு நீரும் ஒரு பங்கு காற்றுமாக நிறைந்திருப்பதே பயிருக்கு உகந்த நிலை. நம் நெசவாளர் அங்கத்தினர்கள் இதனை எளிதில் உணர்வார்கள். பாவும் ஊடையும் ஒரே நூலாக இருப்பினும், நெருக்கி அடித்த துணியில் காற்று புகுவதில்லை. தளர நெய்த துணியில் தாராளமாகப் புகுகிறது. மண்ணும் அத்தகையதே. துகள்கள் மாறுவதில்லை, அவற்றினிடையே உள்ள இடைவெளிதான் மாறுகிறது. பாரம் ஏறும்போது முதலில் நசுங்குவன பெரிய துளைகள். மழைநீர் விரைந்து உள்ளிறங்குவதும், வேர் எளிதில் நுழைவதும், மண்புழு நடமாடுவதும் அப்பெரிய துளைகளின் வழியாகத்தான். அவை மூடிக்கொண்டால், மேலே எவ்வளவு உரமிட்டாலும் வேர் அதனைத் தேடிச் செல்ல இயலாது. மண்ணின் எதிர்ப்பு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 20 கிலோ அளவை எட்டினால் பெரும்பாலான பயிர்களின் வேர் வளர்ச்சி மிகவும் தடைப்படும் என்பது மண்ணியலார் கண்ட முடிவு. இறுகிய மண்ணில் மரவள்ளிக் கிழங்கு பருப்பதும் கடினம். அதைப் பிடுங்குவது அதனினும் கடினம்.

மூன்று உண்மைகள்

சக்கரம் மண்ணை இறுக்குவதைப் பற்றி மூன்று உண்மைகளை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

முதலாவது, எடையைப் பற்றியது. மேல் மண்ணின் இறுக்கம் சக்கரத்தின் அழுத்தத்தையும், அடி மண்ணின் இறுக்கம் ஓர் அச்சின் மீது ஏறும் மொத்த எடையையும் பெரிதும் பொறுத்தவை. சக்கரத்தை அகலமாக்கினால் மேல் மண் ஓரளவு தப்பும்; ஆனால் அச்சுச் சுமை மிகுதியாயின் ஆழத்திலுள்ள மண் தப்பாது. 10 டன் அச்சுச் சுமையை ஏற்றி ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் நடத்திய பரீட்சைகளில், அடி மண்ணில் ஏற்பட்ட இறுக்கம் பல ஆண்டுகள் கழிந்தும் நீங்கவில்லை. குளிர்காலத்தில் மண் உறைந்து இளகும் அந்நாடுகளிலேயே இந்நிலை என்றால், உறைபனி கிடையாத நம் நிலத்தில் அது தானாகவே தளரும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

இரண்டாவது, ஈரத்தைப் பற்றியது. உலர்ந்த மண் பாரத்தைத் தாங்கும். ஈர மண் தாங்காது. ஒரே டிராக்டர், ஒரே வயல், ஒரே ஓட்டுநர். ஆயினும் மழை பெய்த மறுநாள் இறங்கினால் விளையும் கேடு ஒரு வாரம் பொறுத்து இறங்கினால் விளைவதில்லை.

மூன்றாவது, பலர் அறியாதது. ஒரே தடத்தில் பலமுறை சக்கரம் சென்றால் ஏற்படும் மொத்த இறுக்கத்தில் பெரும்பகுதி முதல் முறையிலேயே ஏற்பட்டுவிடுகிறது. இரண்டாவது, மூன்றாவது முறைகள் அதனுடன் சிறிதே சேர்க்கின்றன. ஆகவே, ஒவ்வொரு முறையும் புதுத் தடத்தில் செல்வது 'மண்ணுக்கு ஓய்வு கொடுப்பது' ஆகாது. புதிய இடத்தைக் கெடுப்பதே ஆகும். கெட்ட தடத்திலேயே மீண்டும் மீண்டும் செல்வதுதான் மிச்ச நிலத்தைக் காக்கும் வழி. கட்டுப்படுத்திய வழித்தட முறை என்று நிபுணர்கள் கூறுவது இந்த எளிய உண்மையின் மீது கட்டப்பட்டதே. தறியில் பாவு இழைகள் தத்தம் இடத்தில் நிற்க, நாடா மட்டும் ஓடுவது போல, வயலில் தடங்கள் நிலையாக நிற்க, அவற்றின்மீது யந்திரம் ஓட வேண்டும்.

காவிரிப் பாசனத்தில் காண்பது

தமிழ்நாட்டில் உழவில்லாச் சாகுபடி புதியதன்று. தஞ்சை, திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களில் சம்பா, தாளடி நெல் அறுவடைக்கு ஏறத்தாழ 7 முதல் 10 நாட்களுக்கு முன்பே, நிற்கும் பயிரினூடே உளுந்தையும் பச்சைப்பயற்றையும் விதைத்துவிடுவது நெடுநாளைய வழக்கம். ஏர் இல்லை, தனியாக நீர் பாய்ச்சுவதும் பெரும்பாலும் இல்லை. மண்ணில் எஞ்சிய ஈரத்தையும் தைமாசப் பனியையும் கொண்டு பயிர் விளைகிறது. இதற்கு ஏற்ற ஆடுதுறை 3 போன்ற உளுந்து ரகங்களை, 1922இல் தொடங்கப்பட்ட ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் அளித்துள்ளது.

அரிவாளால் அறுத்த காலத்தில் முளைத்துவந்த உளுந்தின் மீது பட்டது மனிதரின் வெறுங்கால் மட்டுமே. இன்று அறுவடை யந்திரம் இறங்குகிறது. பல டன் எடையுள்ள அது ஈர வயலில் செல்லும்போது, சக்கரத்தின் கீழ் அகப்பட்ட முளைகள் சேற்றில் புதைகின்றன. தடத்தில் சில இடங்களில் நீர் தேங்கி விதை அழுகுகிறது. சில இடங்களில் மண் காய்ந்து கல்லாகிறது. வைக்கோல் வரிசையாக விழுந்து மூடும் இடத்திலும் முளை எழும்புவதில்லை. நெல் தரிசு உளுந்தின் பரப்புச் சுருங்கியதற்கு அறுவடை யந்திரமும் ஒரு காரணமென வேளாண்மைத் துறையினர் எடுத்துக்காட்டி வருகின்றனர். ஈர வயலில் 'டயர் வண்டி'க்குப் பதில் 'பெல்ட் வண்டி'யைப் பயன்படுத்தினால் எடை பரவலாகி அமிழ்வது குறைகிறது. ஆனால் அது திரும்பும் இடத்தில் மண்ணைக் கலக்கிவிடுகிறது. ஆகையால் எவ்வகை வண்டியாயினும், எங்கே நுழைவது, எங்கே திரும்புவது, எங்கே நின்று நெல்லைக் கொட்டுவது என்பனவற்றை முன்கூட்டியே வரையறுத்த வயலில் நஷ்டம் குறையும். ஓட்டுநரின் விருப்பத்துக்கு விட்ட வயலில் நஷ்டம் மிகும்.

இங்கே ஒரு வேறுபாட்டையும் அறிய வேண்டும். நெல்லுக்குச் சேற்று உழவால் உண்டாகும் கெட்டியான அடித்தட்டு நன்மையே செய்கிறது; நீர் கீழே இறங்காமல் காக்கிறது. அதே தட்டு பயறுக்கும் சிறுதானியத்துக்கும் தடையாகிறது. ஆகவே, 'நெல் நன்றாகத்தானே விளைந்தது, நிலத்துக்கு என்ன கேடு?' என்று கேட்பது பொருந்தாது.

எருதுகள் காட்டிய வழி

வழித்தடக் கட்டுப்பாடு என்றவுடன் பெரும் பண்ணைகளும் விண்கோளின் துணையால் ஓடும் டிராக்டர்களும் நினைவுக்கு வரலாம். ஆஸ்திரேலியாவில் அவ்வாறு நடைபெறுவது உண்மையே. அங்கே 1990களிலிருந்து பல பண்ணைகளில் டிராக்டர், தெளிப்பான், அறுவடை யந்திரம் ஆகிய எல்லாவற்றின் சக்கர இடைவெளியையும் பெரும்பாலும் 3 மீட்டராக ஒன்றுபடுத்தி, ஆண்டுதோறும் அதே தடங்களில் செலுத்தி வருகின்றனர். குவீன்ஸ்லாந்தில் நடத்திய ஆராய்ச்சியில், சக்கரம் படாத நிலத்திலிருந்து வழிந்தோடிய மழைநீர், சக்கரம் பட்ட நிலத்தினின்றும் ஓடியதைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. ஏர் ஓட்டாமையால் மட்டும் கிடைத்த பயன் அதில் பாதிக்கும் குறைவு. அதாவது, ஏரை நிறுத்தியும் சக்கரத்தைத் தடுக்காவிட்டால், கிடைக்கவேண்டிய நன்மையின் பெரும்பகுதி கைநழுவிப்போகிறது. சரிவான நிலத்தில் வாழும் நமக்கு இது மிக முக்கியமான செய்தியாகும்.

ஆயினும் இக்கொள்கைக்கு விண்கோள் இன்றியமையாததன்று. ஹைதராபாத்தை அடுத்த பதான்சேருவில் 1972இல் நிறுவப்பட்ட சர்வதேச வறள்நிலப் பயிர் ஆராய்ச்சி நிலையமான இக்ரிசாட், கரிசல் நிலத்துக்கென அகலப் பாத்தி முறை ஒன்றை வகுத்தது. ஒன்றரை மீட்டருக்கு ஒரு பாத்தியும் சாலுமாக நிலம் அமைக்கப்பட்டது. எருதுகள் இழுக்கும் சக்கரக் கருவியைக் கொண்டு வேலை செய்தனர். எருதுகளின் குளம்பும் கருவியின் சக்கரமும் எப்பொழுதும் சாலிலேயே சென்றன. பயிர் நிற்கும் பாத்தி மிதிபடவில்லை. சால்கள் சிறு சாய்வுடன் அமைந்ததால் மிகுந்த மழைநீரும் மண்ணை அரிக்காமல் வடிந்தது. மேட்டில் பயிர், பள்ளத்தில் நடமாட்டம் என்னும் இந்த ஏற்பாட்டை ஓர் இணை மாடு உள்ளவரும் மேற்கொள்ளலாம்.

ஒரு சிறு கணக்கு

அரை ஏக்கர் நிலத்தை 45 மீட்டர் நீளமும் 45 மீட்டர் அகலமும் கொண்ட சதுரமாகக் கொள்வோம். ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு ஒரு பட்டையாக டிராக்டர் வேலை செய்தால் 30 பட்டைகள் ஆகும். டயரின் அகலம் 30 சென்டிமீட்டர் என்க. சக்கர இடைவெளி பட்டையின் அகலத்துக்குப் பொருந்தாவிட்டால், ஒவ்வொரு பட்டைக்கும் இரண்டு தடங்களாக 60 தடங்கள் விழும். மிதிபடும் பரப்பு 810 சதுர மீட்டர். அதாவது மொத்த நிலமான 2,025 சதுர மீட்டரில் 40 சதவீதம். அடுத்த வேலை வேறு தடத்தில் நடந்தால் 80 சதவீதம் வரை மிதிபடலாம். மூன்றாவது வேலைக்குப் பிறகு மிதிபடாத இடத்தைத் தேடித்தான் காண வேண்டும்.

சக்கர இடைவெளியையும் பட்டையின் அகலத்தையும் ஒன்றரை மீட்டராகவே ஒன்றுபடுத்தினால், ஒரு பட்டையின் வலத் தடமே அடுத்த பட்டையின் இடத் தடமாகும். அப்பொழுது விழுவன 31 தடங்கள் மட்டுமே. மிதிபடும் பரப்பு சுமார் 420 சதுர மீட்டர்; ஐந்தில் ஒரு பங்கு. எத்தனை முறை சென்றாலும் அதே ஐந்தில் ஒரு பங்குதான். எஞ்சிய நான்கு பங்கு நிலம் ஆண்டு முழுவதும் சக்கரத்தைக் காண்பதில்லை. இதற்கு ஆகும் செலவு, இருமுனையிலும் சுண்ணாம்பு பூசிய கற்களை நடுவதும், கருவியின் அகலத்தை அளந்து வாங்குவதுமே.

கொல்லிமலைக்குப் பொருந்துவது

காரவள்ளியிலிருந்து 70 கொண்டைஊசி வளைவுகளைக் கடந்து ஏறும் நம் மலைக்குப் பெரிய யந்திரங்கள் எளிதில் வருவதில்லை. இது நிலத்துக்கு ஒரு வகையில் நல்வாய்ப்பு. ஆயினும் பவர் டில்லரும் சிறு டிராக்டரும் வந்துவிட்டன. பாரவண்டிகள் அவற்றுக்கும் முன்னரே வந்துவிட்டன.

மரவள்ளி நிலத்தைக் கிளறியே எடுக்க வேண்டிய பயிராதலால், அதில் உழவில்லா முறை எளிதன்று. ஆனால் மிளகும் காப்பியும் நிற்கும் மரநிழல் தோட்டங்களை நோக்குங்கள். ஒருமுறை நட்டபின் அவை பல ஆண்டுகள் ஏரைக் காண்பதில்லை. பெயரில்லாமலே அவை உழவில்லா நிலங்கள்தாம். அங்கே ஒரு முறை ஏற்பட்ட இறுக்கத்தை மாற்ற மண்புழுவும் வேரும் தவிர வேறு துணையில்லை. காப்பிப் பழம் பறிக்கும் காலமோ வடகிழக்குப் பருவமழையின் இறுதியோடு சேர்ந்து வருகிறது. மண் நனைந்திருக்கும் அவ்வேளையில் மூட்டை ஏற்ற வண்டியை மரத்தடி வரை ஓட்டிச் செல்வது, நாலு ஆள் கூலியை மிச்சப்படுத்தி நாற்பது மரத்தின் வேரை நசுக்குவதாகும். சாலைக்கென அமைந்த லாரி டயரின் காற்றழுத்தம் வயலில் ஓடும் டிராக்டர் டயரினுடையதைப் போலப் பல மடங்கு. அதே அழுத்தந்தான் மண்ணின் மீதும் இறங்குகிறது. மரவள்ளி ஏற்றும் லாரிக்கும் இது பொருந்தும். லாரியின் இடம் சாலை; தோட்டத்துக்குள் அதற்கு இடமில்லை.

சாமை, தினை, கேழ்வரகு விளையும் மேட்டு நிலங்களில், சரிவு மிகுந்தவற்றை மனித உழைப்புக்கும் எருதுக்கும் விட்டுவிடுவதே அறிவுடைமை. அங்கே யந்திரத்தைக் குறுக்கே ஓட்டினால் கவிழும் அபாயம். மேலிருந்து கீழாக ஓட்டினால் ஒவ்வொரு தடமும் அடுத்த மழையில் ஓடையாகும். இளஞ்சரிவான நிலத்தில் மட்டும், சரிவுக்குக் குறுக்கே சமமட்டத்தையொட்டிச் சிறு சாய்வுடன் தடங்களை அமைத்து, அவை முடியும் இடத்தில் புல் வளர்ந்த வடிகாலில் நீரைச் சேர்க்க வேண்டும். 1990களிலிருந்து இம்மலையில் சிறுதானியங்களைக் காக்கப் பணியாற்றிவரும் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் முயற்சிகளால் வரிசை விதைப்பு இங்கு அறிமுகமாகியுள்ளது. வரிசை உள்ள நிலத்தில் தடம் வகுப்பது எளிது. வீசி விதைத்த நிலத்தில் அது கடினம்.

'இறுகினால் உளிக்கலப்பையைக் கொண்டு உடைத்துக்கொள்ளலாமே' என்பார்கள் சிலர். அடித்தட்டு ஏற்கெனவே உண்டான நிலத்தில் அரை மீட்டர் இடைவெளியில் உளிக்கலப்பை ஓட்டுவது பயன் தருவதே. ஆனால் புதிதாகத் தளர்த்திய மண் முன்னிலும் எளிதாக இறுகும். தடத்தை வரையறுக்காமல் உளிக்கலப்பை ஓட்டுவது, ஓட்டைப் பானையில் நீர் இறைப்பதையொக்கும். தளர்த்தியபின் துவரை போன்ற ஆழ்ந்த வேருள்ள பயிரை இட்டு, சக்கரத்தை விலக்கி வைத்தால்தான் பலன் நிலைக்கும். அதுவும் ஓராண்டில் கண்ணுக்குத் தெரியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சங்கம் செய்ய வேண்டியவை

தனி ஒருவர் தம் நிலத்தில் கட்டுப்பாட்டுடன் இருந்தாலும், வாடகை யந்திரம் அவர் வகுத்த தடத்துக்கு அடங்காவிட்டால் பயனில்லை. இங்கேதான் கூட்டுறவு முன்வர வேண்டும். ஒரே அளவுள்ள கருவிகளை வாங்கவும், ஒரே விதியை எல்லா வயல்களுக்கும் நடைமுறைப்படுத்தவும் தனியாரினும் சங்கமே வசதி பெற்றது. பின்வருவனவற்றை நிர்வாகக் குழுக்கள் பரிசீலிக்கலாம்.

1. யந்திரம் வாங்கும்பொழுது குதிரைத் திறனை மட்டும் பாராமல், அச்சின் எடையையும் சக்கர இடைவெளியையும் கேட்டறிக. பின்னர் வாங்கும் கருவி ஒவ்வொன்றும் முதலில் வாங்கியதன் அளவுக்குப் பொருந்துக.

2. யந்திரம் இறங்குமுன் ஈரப் பரீட்சை செய்க. ஒரு சாண் ஆழத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் கயிறாகத் திரட்டுக. உடையாமல் மெல்லிய கயிறாக நீண்டால் அன்று யந்திரம் இறங்கலாகாது. உடைந்து உதிர்ந்தால் இறக்கலாம்.

3. முறை வைப்பதில் சீட்டு வரிசையை மட்டும் பின்பற்றாமல், எவர் நிலம் முதலில் காய்கிறதோ அவருக்கு முதலில் அனுப்புக. ஈரத்தால் ஒத்திவைத்தவர் தம் முறையை இழக்கலாகாது.

4. வாடகையை மணிக்கணக்கில் வாங்காமல் ஏக்கர் கணக்கில் வாங்குக. மணிக்கணக்கு, தடம் பார்த்து நிதானமாக ஓட்டச் சொல்லும் அங்கத்தினருக்கு அபராதம் விதிப்பது போன்றது. மழையால் வேலை நின்ற நாளுக்கு ஓட்டுநருக்கு ஒரு படி அளிக்க ஏற்பாடு செய்க. அன்றைய கூலி போய்விடும் என்ற கவலையுள்ளவர் ஈர நிலத்தில் இறங்கத்தான் செய்வார். அவரைக் குறை கூறிப் பயனில்லை.

5. டயரின் காற்றை வயலில், உற்பத்தியாளர் அனுமதித்த அளவுக்குக் குறைத்து, மலைச்சாலையில் ஏறுமுன் மீண்டும் நிரப்புக. இதற்கென ஒரு காற்றழுத்தமானி யந்திரத்துடன் இருக்க வேண்டும்.

6. விளைபொருளை ஏற்றுவதற்குச் சாலையோரத்தில் பொதுக்களம் ஒன்றை அமைத்து, அதுவரை ஒரே வழியில் தலைச்சுமையாகவோ, மாட்டு வண்டியிலோ, சிறு யந்திரத்திலோ கொண்டு சேர்க்க ஏற்பாடு செய்க.

இவற்றுள் நான்காவதே நிர்வாகக் குழுக்களுக்குக் கடினமாகத் தோன்றும். யந்திரக் கணக்கில் வரவு குறையும் என்று செயலாளர்கள் தயங்கக்கூடும். தணிக்கையின்போது யந்திரப் பேரேட்டைப் பார்க்கும் எம் போன்றோர் அதில் ஓடிய மணியையும், எரிந்த டீசலையும், வசூலான வாடகையையும் காண்கிறோம். அந்த ஓட்டத்தால் அங்கத்தினரின் நிலம் எவ்வளவு இறுகிற்று என்பதற்கு அதில் பத்தி இல்லை. ஆயினும் அந்த நஷ்டம் மறைந்துவிடுவதில்லை. சில ஆண்டுகளில் குறைந்த மகசூலாகவும், தவணை தவறிய கடனாகவும் அதே சங்கத்தின் வேறொரு பேரேட்டில் வந்து நிற்கும். ஆகவே வாடகைப் பதிவேட்டில் 'ஈர நிலை' என்று ஒரு பத்தியைச் சேர்த்து, யந்திரம் இறங்கிய ஒவ்வொரு நாளும் அதனை நிரப்பிவருவது செலவில்லாத ஒரு சீர்திருத்தமாகும்.

எதையும் கண்ணால் கண்ட பிறகே நம்புவது குடியானவர் இயல்பு. அது நல்ல இயல்புங்கூட. ஆதலின் அடுத்த பேரவைக் கூட்டத்துக்கு முன்னர், அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் நிலத்தில் இரண்டு குழிகளை ஒரு முழ ஆழத்துக்கு வெட்டிப் பார்க்குமாறு வேண்டுகிறேன். ஒன்று வண்டி திரும்பும் முனையில். மற்றொன்று சக்கரமே படாத வேலியோரத்தில். இரண்டிலும் மண்வெட்டி இறங்கும் விதத்தையும், வேர் நேரே செல்கிறதா, மடங்கிப் பக்கவாட்டில் ஓடுகிறதா என்பதையும், ஒரு குடம் நீர் வற்ற ஆகும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அக்குறிப்புகளுடன் கூட்டத்துக்கு வாருங்கள். மேலே கூறிய விதிகள் நம் சங்கத்துக்கு வேண்டுமா வேண்டாமா என்பதை அதன் பிறகு நீங்களே முடிவு செய்யலாம்.